சாம்பல் நிலத்தில் மூன்று இரவுகள்: செயின்ட் ஹெலன்ஸ் மலையைச் சுற்றி நடப்பதற்கான வழிகாட்டி

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையை முழுவதுமாகச் சுற்றிவரும் லூவிட் பாதையின் நீளம் ஏறத்தாழ 50 கி.மீ. நாளொன்றுக்கு 25 கி.மீ. நடந்து பழகியவர்கள் இதைக் கேட்டதும் இரண்டு நாள் போதும் என்று கணக்குப் போடுவார்கள். முதல்முறை சென்றபோது நானும் அப்படித்தான் போட்டேன். முதல் நாள் மாலையிலேயே அந்தக் கணக்கு பொய்த்துவிட்டது. இந்த மலையில் கிலோமீட்டரை வைத்துத் திட்டமிடக் கூடாது. தண்ணீர் எங்கே கிடைக்கும், ஆழமான ஓடைப் பள்ளங்கள் எங்கே குறுக்கிடும், எந்தப் பகுதியில் கூடாரம் அடிக்கத் தடை இருக்கிறது என்ற மூன்றையும் முதலில் வரைபடத்தில் குறித்துக்கொண்டு, அதன் பிறகே ஒவ்வொரு நாளும் எவ்வளவு நடப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

எந்த நிலத்தில் நடக்கிறோம்

1980 மார்ச் மாதம் தொடங்கிய நில அதிர்வுகளுக்குப் பிறகு, உள்ளே ஏறிவந்த பாறைக்குழம்பு மலையின் வடக்குச் சரிவை வெளிப்பக்கமாகப் புடைக்கச் செய்தது. மே 18, ஞாயிற்றுக்கிழமை காலை 8.32 மணிக்கு 5.1 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் அந்தச் சரிவு மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தது. பதிவான வரலாற்றில் இதைவிடப் பெரிய நிலச்சரிவு நிலத்தின் மேல் நிகழ்ந்ததில்லை. மூடி திறந்த பாத்திரம் போல அழுத்தம் வடக்குப் பக்கமாக வெளியேறியதால், வெடிப்பு மேல்நோக்கி எழுவதற்கு முன் பக்கவாட்டில் பாய்ந்து சுமார் 600 சதுர கி.மீ. பரப்பிலிருந்த காட்டை வீழ்த்தியது அல்லது கருக்கியது. 57 பேர் உயிரிழந்தனர். 2,950 மீட்டராக இருந்த மலையின் உயரம் 2,549 மீட்டராகக் குறைந்தது.

நடப்பவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டியதற்குக் காரணம் உண்டு. வெடிப்பு ஒரு பக்கமாகப் பாய்ந்ததால், மலையின் தெற்கும் வடக்கும் இன்று வெவ்வேறு உலகங்களாக இருக்கின்றன. தெற்கில் பழைய எரிமலைக் குழம்பு உறைந்த கற்குவியல்களும் முதிர்ந்த ஊசியிலைக் காடும் இருக்கின்றன. வடக்கில் மரநிழல் இல்லாத நுரைக்கல் வெளி, அதாவது எரிமலை கக்கிய துளைகள் நிறைந்த இலேசான கற்களின் வெளி, விரிகிறது. மேற்கிலும் கிழக்கிலும் சேற்றுப் பெருக்குகள் அறுத்த பள்ளங்கள் கிடக்கின்றன. ஒரே பயணத்தில் மூன்று விதமான நடைக்கும் தயாராக வேண்டும் என்பதே இதன் பொருள்.

1982-ல் இப்பகுதி தேசிய எரிமலை நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைக்குள் மரம் நடாமல், விழுந்தவற்றை அகற்றாமல், நிலத்தை அதன் போக்கில் விட்டுவிட்டார்கள். எல்லைக்கு வெளியே மர நிறுவனங்கள் நட்ட காடு, ஒரே உயரத்தில் வரிசை பிசகாமல் நிற்கிறது. காரில் வரும்போதே இந்த வேறுபாட்டைக் கவனித்துவிட்டால், பிறகு பாதையில் காணும் ஒழுங்கற்ற பசுமைக்கு எவ்வளவு மதிப்பு என்பது விளங்கும்.

காலமும் அனுமதியும்

ஜூலை நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் இறுதிவரை ஏற்ற காலம். அதற்கு முன்னால் சென்றால் பள்ளங்களின் சரிவுகளில் பனி இறுகிக் கிடக்கும். அக்டோபரில் மழை தொடங்கிவிடும். என்னைக் கேட்டால் ஆகஸ்ட்டைவிடச் செப்டம்பரின் முதல் இரண்டு வாரங்களையே சொல்வேன், ஏனெனில் வெயிலும் பூச்சியும் தணிந்திருக்கும். ஆனால் சிற்றோடைகள் பல அதற்குள் வற்றிவிடும் என்பதால், கூடுதல் தண்ணீரைச் சுமக்கத் தயங்குபவர்கள் ஜூலை இறுதியில் செல்வதே நல்லது. லூபின் பூக்களைக் காண விரும்புபவர்களுக்கும் அதுவே பருவம்.

லூவிட் பாதையில் நடக்கத் தனி அனுமதிச் சீட்டு தேவையில்லை. 4,800 அடி உயரத்துக்கு மேல் மலையுச்சியை நோக்கி ஏறுபவர்களுக்குத்தான் ஏறும் அனுமதி கட்டாயம். சுற்றுப்பாதையை உச்சி ஏற்றத்துடன் இணைக்க நினைப்பவர்கள் அதை முன்கூட்டியே பெற வேண்டும். வண்டி நிறுத்தும் இடங்கள் பலவற்றில் வடமேற்கு வனச் சீட்டு கேட்பார்கள். நாளுக்கு 5 டாலர், ஆண்டுக்கு 30 டாலர். வண்டிக்குள் விலையுயர்ந்த எதையும் வைத்துவிட்டுச் செல்ல வேண்டாம்.

சாலைகளின் நிலையைப் புறப்படும் வாரத்தில் வனத்துறையின் அறிவிப்பில் பார்த்துக்கொள்வது அவசியம். இந்த நிலம் இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது. 2023 மே மாதம் ஏற்பட்ட ஒரு மண்சரிவு, ஜான்ஸ்டன் முகட்டு நோக்ககத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் பாலத்தையே அடித்துச் சென்றது. வெடிப்பன்று எரிமலையைக் கண்காணிக்கும் பணியில் இருந்து உயிரிழந்த நிலவியலாளர் டேவிட் ஜான்ஸ்டனின் பெயரால் அமைந்த முகடு அது.

எந்தத் திசையில், எத்தனை நாள்

தெற்கிலுள்ள ஜூன் ஏரிப் பாதையின் தொடக்க இடத்திலிருந்து கிளம்பி, வலஞ்சுழியாக, அதாவது மேற்கே திரும்பி வடக்கு வழியாகக் கிழக்கில் இறங்கி வருவதைப் பரிந்துரைக்கிறேன். இத்திசையில் சென்றால் தெற்குச் சரிவின் கற்குவியல்களைப் புத்துணர்ச்சியுள்ள கால்களோடு கடந்துவிடலாம். மிகக் கடினமான ஆற்றுப் பள்ளம் அதிகாலையில் வரும்படி நாட்களை அமைத்துக்கொள்ளவும் முடியும். மூன்று இரவுகள் தாராளமாகப் போதும். உடல்வலு மிக்கவர்கள் இரண்டு இரவுகளில் முடிக்கிறார்கள். ஒரே நாளில் ஓடி முடிப்பவர்களும் இருக்கிறார்கள் என்றாலும், அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

முதல் நாளின் முக்கிய வேலை ஜூன் ஏரியில் தண்ணீர் நிரப்புவது. பாறை முகத்திலிருந்து விழும் சிறிய அருவியும் தெளிந்த நீரும் உள்ள இடம் அது. அடுத்து வரும் பல மணி நேரத்துக்கு அதை நம்பித்தான் நடக்க வேண்டியிருக்கும் என்பதால், ஒருவர் குறைந்தது நான்கு லிட்டர் எடுத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் வரும் எரிமலைக் கற்குவியல்களில் தரையில் பாதை என்று எதுவும் தெரியாது. மரக் கம்பங்களும் அடுக்கி வைத்த கற்களுமே அடையாளம். ஒரு கம்பத்தை அடைந்ததும் அடுத்த கம்பத்தைக் கண்ணால் கண்ட பிறகே நகருங்கள்; மூடுபனி இறங்கினால் இந்த ஒழுங்கு மட்டுமே உங்களைக் காப்பாற்றும். வரைபடத்தையும் தடத்தையும் கைபேசியில் முன்பே இறக்கி வைத்திருங்கள், ஏனெனில் பாதையின் பெரும்பகுதியில் அலைவரிசையை நம்ப முடியாது. இந்தக் கற்களின் விளிம்புகள் கூர்மையானவை. கை ஊன்ற நேரும் இடங்களுக்கு மெல்லிய கையுறை உதவும். முதல் இரவைத் தென்மேற்குச் சரிவின் காட்டோரத்தில், காற்றுக்கு மறைவான ஓர் இடத்தில் கழிக்கலாம்.

இரண்டாம் நாள் ஷீப் கேன்யன் வழியாக டூட்டில் ஆற்றின் தெற்குக் கிளையை நோக்கிச் செல்கிறது. அன்று மாலை எவ்வளவு வெளிச்சம் மீதமிருந்தாலும் ஆற்றைக் கடக்காமல், இக்கரையில் மரங்கள் உள்ள பகுதியிலேயே தங்குங்கள். அக்கரைக்குப் பின் விண்டி கணவாய் வரை, ஏறத்தாழ 16 கி.மீ. தூரத்துக்கு, கூடாரம் அடிக்க அனுமதி கிடையாது என்பது ஒரு காரணம். பனிப்பாளம் உருகி வரும் ஆறு மாலையில் பெருகிச் சேறாகவும், அதிகாலையில் குறைந்தும் ஓடும் என்பது அதைவிட முக்கியமான காரணம்.

பள்ளங்களைக் கடக்கும் முறை

டூட்டில் ஆற்றின் கரை நீங்கள் பழகிய ஆற்றங்கரை அல்ல. சாம்பலும் கூழாங்கல்லும் கலந்து, ஒட்டும் தன்மையே இல்லாமல் நிற்கும் செங்குத்துச் சுவர் அது. ஒவ்வொரு குளிர்கால மழைக்கும் அதன் வடிவம் மாறுகிறது. சென்ற ஆண்டு ஒருவர் இறங்கிய இடம் இந்த ஆண்டு இருக்காது. சில வேளைகளில் யாரோ கட்டிவிட்டுப் போன கயிறு தொங்கும். அதைச் சமநிலைக்குப் பிடித்துக்கொள்ளலாமே தவிர, உடலின் முழு எடையையும் அதில் ஏற்றக் கூடாது; மேலே அது எதில் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கீழிருந்து யாராலும் பார்க்க முடியாது.

ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே இறங்க வேண்டும். மற்றவர்கள் அவருக்கு நேர் கீழேயோ நேர் மேலேயோ நிற்கக் கூடாது. கல் உருண்டால் உடனே உரக்கக் குரல் கொடுக்க வேண்டும். குதிகாலை அழுத்தி, முழங்காலை லேசாக மடக்கி, ஊன்றுகோலைச் சரிவின் மேற்பக்கமாக ஊன்றி, சிறு அடிகளாக இறங்குங்கள். நீரில் இறங்குமுன் முதுகுப்பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையிலிருந்து உடனே விடுபட வேண்டும். பால் கலந்தது போல் ஓடும் இந்நீரில் அடி தெரியாது என்பதால் கோலால் தடவிப் பார்த்தே ஒவ்வொரு அடியையும் வைக்க வேண்டும். அங்கிருந்து சமவெளியை அடையும்வரை இதுபோன்ற சிறிய பள்ளங்கள் வரிசையாக வரும். நேரத்தை விழுங்குபவை அவைதான். வரைபடத்தில் ஒரு கி.மீ. என்று தெரிவது ஒன்றரை மணி நேரம் ஆகலாம்.

நுரைக்கல் சமவெளி

மூன்றாம் நாள் நடக்கும் நுரைக்கல் சமவெளிக்காகத்தான் இந்தப் பயணமே. வெடிப்பின்போது சுடுவாயுவோடு பாய்ந்துவந்த எரிமலைத் துகள்கள் படிந்து உருவான வெளி இது. 1980 கோடையில் இங்கே ஓர் உயிர்கூட இருக்கவில்லை. வலப்பக்கம் பிளந்து நிற்கும் மலைவாயும், அதனுள் 1980 முதல் 1986 வரையிலும் மீண்டும் 2004 முதல் 2008 வரையிலும் பாறைக்குழம்பு இறுகி வளர்ந்த பாறைக் குமிழ்களும், இடப்பக்கம் கீழே ஸ்பிரிட் ஏரியும் தெரியும். ஏரியில் வெள்ளையாகப் படர்ந்திருப்பது பனி அல்ல, 1980-ல் அடித்துச் செல்லப்பட்ட மரங்கள். இன்னமும் மிதக்கின்றன, காற்று திரும்பும்போது ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நகர்கின்றன. நிலச்சரிவால் வெளியேறும் வழி அடைபட்ட இந்த ஏரி கரையுடைத்துவிடாதிருக்க, 2.5 கி.மீ. நீளச் சுரங்கம் ஒன்றை வெட்டி 1985 முதல் நீரை வெளியேற்றி வருகிறார்கள். இடத்தைவிட்டு வெளியேற மறுத்த முதியவர் ஹாரி ட்ரூமனின் விடுதி இந்த ஏரிக்கரையில்தான் இருந்தது.

ஓரிடத்தில் பையை இறக்கி வைத்துவிட்டு, பாதையிலேயே குந்தி, தரையைப் பத்து நிமிடம் பாருங்கள். கையில் எடுக்கும் கல் எடையற்றிருக்கும்; ஓடையில் போட்டால் மிதக்கும். அதன் இடுக்கில் முளைத்திருக்கும் விரல் விரித்த கை போன்ற இலை லூபினுடையது. அதிகாலையில் அந்த உள்ளங்கையின் நடுவே ஒரே ஒரு நீர்த்துளி நிற்கும். வெடிப்புக்குப் பிந்தைய ஓரிரு ஆண்டுகளுக்குள் இந்த வெளியில் முதலில் வேர்பிடித்த செடி இதுதான். புதிய எரிமலைப் படிவில் நைட்ரஜன் கிட்டத்தட்ட இல்லை. லூபினின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலிருந்தே அதைப் பிடித்துத் தருவதால், அச்செடி தானும் வாழ்ந்து, செத்து மட்கிப் பிற விதைகளுக்கும் இடம் கொடுக்கிறது.

சமவெளிக்கு வெளியே, சாம்பல் மெலிதாகப் படிந்த சரிவுகளில், வெளிறிய பரப்பின் மேல் கைப்பிடியளவு கறுத்த மண் குவிந்திருப்பதைக் காணலாம். அது கோஃபர் எனப்படும் வளை எலியின் வேலை. வெடிப்பு நிகழ்ந்த காலை நேரத்தில் வளைக்குள் இருந்ததால் பல கோஃபர்கள் தப்பின. புதைந்துபோன பழைய மண்ணையும் அதிலிருந்த பூஞ்சைகளையும் தோண்டி மேலே கொண்டுவந்தன. 1983-ல் ஆய்வாளர்கள் சில கோஃபர்களை நுரைக்கல் பரப்பில் ஒரே ஒரு நாள் அடைத்து வைத்தார்கள். சில ஆண்டுகளில் அந்தத் துண்டு நிலங்கள் மட்டும் செடிகளால் நிறைந்தன. மே மாதத்தில் இன்னும் உருகாமல் கிடந்த பனிக்கு அடியில் இருந்த சிறு மரக்கன்றுகளும் இதே போல்தான் தப்பின.

இங்கே பாதையைவிட்டு விலகக் கூடாது என்ற விதியைச் சற்றுக் கடுமையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மீறினால் அபராதம் குறைந்தது 100 டாலர் என்று அறிவிப்புப் பலகைகள் சொல்கின்றன. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வாளர்கள் அளந்துவரும் மாதிரி நிலங்கள் இங்கே சிறு கம்பிகளாலும் குச்சிகளாலும் மட்டுமே குறிக்கப்பட்டிருக்கின்றன. தெரியாமல் வைத்த ஒரு காலடியால் பல ஆண்டுப் பதிவு குழம்பிவிடும். நாய்களை அழைத்து வரவும் தீ மூட்டவும் அனுமதி இல்லை. மலம் கழிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு: குழி தோண்டிப் புதைத்தால் மட்கச் செய்ய இந்த வெளியில் உயிர்மண் கிடையாது. கழிவைச் சுமந்து செல்வதற்கான உறைகளை எடுத்து வந்து, திரும்பக் கொண்டு செல்வதே முறை. காலணியின் அடியை வீட்டிலேயே தேய்த்துக் கழுவிவிட்டு வாருங்கள். களை விதைகள் இங்கே குடியேறுவது பெரும்பாலும் நடப்பவர்களின் கால்களால்தான்.

தண்ணீர் தேடுவதற்குச் செடிகளே வழிகாட்டும். சாம்பல் நிற வெளியில் தொலைவில் வில்லோ, ஆல்டர் புதர்கள் ஒரு பச்சைக் கோடாகத் தெரிந்தால் அங்கே ஊற்று நீர் ஓடுகிறது என்று பொருள். பாதை அதைக் குறுக்கிடும் இடத்தில் எடுக்கும் நீர் தெளிவாக இருக்கும். கிடைத்தவுடன் எல்லாக் குப்பிகளையும் நிரப்பிக்கொள்ளுங்கள். மலைவாயிலிருந்து இறங்கும் ஓடைகளின் நீர் வேறு வகை. அதில் கண்ணாடி மாவு போன்ற நுண்பொடி கலந்திருக்கும். முதல் பயணத்தில் கலங்கல் நீரை நேரடியாக வடிகட்டியில் அழுத்தி, இரண்டு லிட்டருக்குள் அதை முழுவதுமாக அடைத்துக்கொண்டேன். மீதிப் பயணம் நீரைக் கொதிக்க வைப்பதிலும் எரிவாயுவை எண்ணி எண்ணிச் செலவழிப்பதிலும் கழிந்தது. கலங்கல் நீர் மட்டுமே கிடைத்தால், ஒரு பாத்திரத்தில் இரவு முழுவதும் தெளியவிட்டு, மேல்நீரைத் துணியில் வடித்து, அதன் பிறகே வடிகட்டியில் செலுத்துங்கள். குளோரின் மாத்திரைகளும் கையிருப்பில் இருக்கட்டும்.

மூன்றாம் நாள் வெளிச்சம் வருமுன்பே புறப்பட்டு, டூட்டிலைக் கடந்து, நண்பகலுக்குள் லூவிட் அருவியைப் பார்க்கும் கிளைப்பாதையை அடைவது நல்ல வேகம். விண்டி கணவாயைத் தாண்டியதும் வரும் ஆபிரகாம் சமவெளியில் தங்கலாம். மரமே இல்லாத அகன்ற வெளி என்பதால் கூடாரத்தின் முளைகள் தளர்ந்த நுரைக்கல்லில் நிற்காது. பெரிய கற்களில் கயிற்றைச் சுற்றிக் கட்டுங்கள், கிளம்பும்போது கற்களை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். கருங்கரடிகள் உள்ள பகுதி. உணவைத் தொங்கவிட மரம் இல்லாததால் கரடி திறக்க முடியாத டப்பா ஒன்று கட்டாயம் தேவை.

சாம்பலும் எச்சரிக்கைகளும்

எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பலைப் போன்றதல்ல. உடைந்த பாறையும் கண்ணாடியும்தான். காற்றடிக்கும் நாளில் மூக்கையும் வாயையும் மூட நல்ல முகக்கவசம் வேண்டும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம். தொடுவில்லை அணிபவர்கள் இந்த நாட்களில் மூக்குக் கண்ணாடிக்கு மாறிவிடுவது நல்லது. காலணிக்குள் துகள் புகாமல் கணுக்கால் உறை அணியுங்கள்.

இது இன்னும் உயிருள்ள எரிமலை. வாஷிங்டன் மாநிலத்தின் வான்கூவர் நகரிலுள்ள எரிமலை நோக்ககம் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்களில் நிலையை அறிவிக்கிறது. புறப்படும் நாளில் அது பச்சையா என்று பாருங்கள். மலைவாய்க்குள் பாறை சரிந்தாலோ, வறண்ட நாளில் பலத்த காற்று 1980-ன் சாம்பலைக் கிளப்பினாலோ, வெடிப்பைப் போலவே ஒரு புழுதி மேகம் எழும். அதைக் கண்டு பதறி ஓட வேண்டியதில்லை. ஆனால் ஓடைப் பள்ளத்தில் நிற்கும்போது மேலிருந்து சரக்கு ரயில் வருவது போன்ற இரைச்சல் கேட்டால், அது மழையால் வந்ததா மலையால் வந்ததா என்று ஆராயாமல், பையைப் போட்டுவிட்டாவது பக்கவாட்டு மேட்டில் ஏறிவிட வேண்டும்.

முழுச் சுற்று அதிகம் என்று நினைப்பவர்களுக்கு வடக்கே மார்கரெட் மலைப் பகுதி இருக்கிறது. குறிப்பிட்ட முகாம் இடங்களுக்கு மட்டும் முன்பதிவோடு அனுமதி தருவார்கள். நார்வே கணவாயிலிருந்து ஏரியும் மலைவாயும் ஒரே காட்சியில் தெரியும். சரிவுகளில் மரங்கள் எல்லாம் ஒரே திசையில் தலைசாய்த்துக் கிடப்பதைப் பார்த்தால் வெடிப்பு எந்தப் பக்கமிருந்து வந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நான்காம் நாள் கிழக்குச் சரிவில் இன்னும் சில பள்ளங்கள் மிச்சமிருக்கும், அவற்றையும் காலையிலேயே கடந்துவிடுங்கள். ஏப் கேன்யனின் மேல் முனையைத் தாண்டி, 1980-ன் சேற்றுப் பெருக்கு வழித்துச் சென்ற மடுவை ஒரு புறமும் அது தொடாத முதிர்ந்த காட்டை மறு புறமும் பார்த்துக்கொண்டு தெற்கே இறங்கினால், மாலைக்குள் ஜூன் ஏரி வந்துவிடும். வீடு திரும்பியதும் கூடாரத்தையும் பையையும் அப்படியே தண்ணீரில் நனைக்காதீர்கள். ஈரமான சாம்பல் துணியின் இழைக்குள் இறங்கி அறுக்கும். வெயிலில் காயவைத்து, உதறி, ஜிப்புகளின் பற்களைப் பழைய பல்துலக்கியால் துலக்கிய பிறகு கழுவுங்கள்.